வேகமான இளம் ரன்னிங் பேக்கிடம் எதை எதிர்பார்க்கலாம்? அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு

அமெரிக்கக் கால்பந்தின் பெரிய தொழில்முறைத் தொடரான என்.எஃப்.எல்.-இல் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாத இறுதியில் டிராஃப்ட் நடக்கும். கல்லூரியில் ஆடிய இளைஞர்களை 32 அணிகளும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள்கள் அவை. அதில் ஏதாவது ஓர் அணி, ஐந்தடி ஒன்பது அங்குல உயரமும் 85 கிலோ எடையும் உள்ள அதிவேக ஓட்டக்காரர் ஒருவரை எடுக்கும். அன்றிரவே அவர் கல்லூரியில் ஓடிய 90 யார்டு ஓட்டங்களெல்லாம் எல்லோருடைய கைப்பேசியிலும் சுற்றத் தொடங்கும். இந்த ஆண்டு நம் அணியை யாரும் பிடிக்க முடியாது என்று பேச்சு கிளம்பும். செப்டம்பரில் ஆட்டங்கள் தொடங்கினால், அவர் ஓர் ஆட்டத்துக்கு ஏழெட்டு முறைதான் பந்தைத் தொடுவார். நவம்பருக்குள் ஏமாற்றிவிட்டார் என்று அதே ஆட்களே சொல்வார்கள். இரண்டும் அவசரத் தீர்ப்பு.

இந்த வகை வீரர் வளர்வதற்கு ஒரு வரிசை இருக்கிறது. பயிற்சியாளர்கள் அவரிடம் எந்தப் பொறுப்பை முதலில் கொடுக்கிறார்கள், எதை அப்புறம் கொடுக்கிறார்கள், எதைக் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்று கவனித்தால் போதும். அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். நீளமான ஓட்டம் ஒன்றைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் தெரிந்திருக்க வேண்டியவை

மைதானம் 100 யார்டு நீளம். இரு முனையிலும் பத்து யார்டுக்கு எண்ட் ஸோன். அது தொடங்கும் இடம் கோல் கோடு; 35 யார்டு கோடு என்றால் கோல் கோட்டிலிருந்து 35 யார்டு தள்ளி இருப்பது. ஒரு யார்டு என்றால் மூன்றடி. அகலம் 53 யார்டுக்குச் சற்று மேல். பக்கத்துக்கு 11 பேர். பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். நான்குக்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி புதிதாக நான்கு கிடைக்கும். பந்தோடு எண்ட் ஸோனுக்குள் போனால் டச் டவுன், ஆறு புள்ளி.

குவாட்டர்பேக் என்பவர் ஆட்டத்தை நடத்தி, பந்தை எறிபவர். ரன்னிங் பேக் என்பவர் அவருக்குப் பின்னாலோ பக்கத்திலோ நிற்பவர். ரன்னிங் பேக்குக்கு மூன்று வேலை: பந்தைக் கையில் வாங்கி ஓடுவது, எறியும் பந்தைப் பிடிப்பது, குவாட்டர்பேக்கை அடிக்க வருபவர்களை மறிப்பது. ரிட்டர்னர் என்பவர் எதிரணி உதைத்து அனுப்பும் பந்தைப் பிடித்து எதிர்த்திசையில் ஓடுபவர். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்வது பழைய வழக்கம்தான். சிகாகோ பேர்ஸ் அணியின் கேல் சேயர்ஸ் 1965-ல் முதல் ஆண்டிலேயே 22 டச் டவுன் அடித்தார். அந்த டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஆறு. அதில் ஒன்று, எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து 85 யார்டு ஓடியது.

கடிகாரம் சொல்வதும் சொல்லாததும்

டிராஃப்டுக்கு முன் பிப்ரவரி, மார்ச் வாக்கில் இண்டியானாபொலிஸ் நகரில் கம்பைன் என்ற சோதனை நடக்கும். அதில் எல்லோரும் பேசுவது 40 யார்டு ஓட்டத்தைப் பற்றித்தான். 4.4 விநாடிக்குள் முடித்தால் வேகக்காரர். 4.3-க்குள் முடிப்பவர்கள் மிகச் சிலர். 2024-ல் சேவியர் வொர்த்தி என்ற பந்து பிடிக்கும் வீரர் 4.21-ல் ஓடியது சாதனை. ரன்னிங் பேக்குகளில் 2008-ல் கிறிஸ் ஜான்சன் ஓடிய 4.24-ஐ இன்னும் பேசுகிறார்கள்.

டென்னசி டைட்டன்ஸ் ஜான்சனை முதல் சுற்றில் 24-ஆவது ஆளாக எடுத்தது. அடுத்த ஆண்டே, 2009-ல், அவர் 2,006 யார்டு ஓடினார். பிடித்த பந்துகளையும் சேர்த்தால் 2,509 யார்டு. சரி, இன்னொருவரைப் பாருங்கள். 2014-ல் டிரி ஆர்ச்சர் 4.26-ல் ஓடினார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் மூன்றாம் சுற்றில் எடுத்தது. இரண்டாவது பருவம் முடிவதற்குள் அவரை அனுப்பிவிட்டார்கள். இருவருக்கும் நடுவே 0.02 விநாடிதான் வித்தியாசம்.

காரணம் எளிது. கம்பைனில் கவசம் கிடையாது, தலைக்கவசம் கிடையாது, மறிக்க ஆள் கிடையாது, நேர்கோட்டில் ஓட்டம். ஆட்டத்தில் ரன்னிங் பேக் நாற்பது யார்டு நேராக ஓடுவது மாதத்துக்கு ஒரு தடவை நடந்தால் அதிகம். அதனால் அதே சோதனையில் முதல் 10 யார்டுக்கு எடுத்த நேரத்தைத் தேடிப் பாருங்கள். ஒன்றரை விநாடியை ஒட்டி இருந்தால் நல்ல அறிகுறி. ஆட்டத்தில் அவருக்கு அன்றாடம் தேவைப்படுவது அந்த முதல் பாய்ச்சல்தான்.

ஆட்டம் தொடங்கிய பின் இன்னொரு வழி உண்டு. வீரர்களின் தோள் கவசத்தில் சிறு கருவி ஒன்று இருக்கும். அதை வைத்து ஓடும் வேகத்தை அளக்கிறார்கள். 2020-ல் ரஹீம் மோஸ்டர்ட் நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக 80 யார்டு ஓடியபோது மணிக்கு 23.09 மைல், அதாவது 37 கிலோமீட்டரைத் தொட்டார். கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு ஓடிய வேகம் அது. எண் கிடைக்காவிட்டாலும் கண்ணால் பார்க்கலாம். எதிரணியில் கடைசியாக நின்று மடக்குபவரான சேஃப்டியைக் கவனியுங்கள். ஓட்டக்காரரை எந்த இடத்தில் மடக்கலாம் என்று கணக்குப் போட்டு அவர் குறுக்கே ஓடி வருவார். ஓட்டக்காரர் உண்மையிலேயே வேகமானவர் என்றால் சேஃப்டி அந்த இடத்துக்கு வருவதற்குள் அவர் தாண்டிப் போயிருப்பார். இது இரண்டு மூன்று முறை நடந்துவிட்டால், அடுத்த ஆட்டங்களில் சேஃப்டிகள் தொடக்கத்திலேயே இன்னும் பின்னால் தள்ளி நிற்பார்கள். அது அணியின் மற்ற எல்லோருக்கும் லாபம்.

முதல் வேலை: கிக்ஆஃப்

ஆட்டம் தொடங்கும்போதும் ஓர் அணி புள்ளி எடுத்த பின்னும் பந்தை உதைத்து எதிரணிக்கு அனுப்புவது கிக்ஆஃப். புதுப் பையனுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைப்பது அதைத் திருப்பி ஓடும் வேலை, அதாவது கிக்ஆஃப் ரிட்டர்ன். ஆட்டத்திட்டம் முழுவதையும் மனப்பாடம் செய்யாமலே அதைச் செய்யலாம் என்பது ஒரு காரணம். 53 பேர் கொண்ட அணியில் மூன்றாவது, நான்காவது ரன்னிங் பேக்குக்கு இடம் வேண்டுமென்றால் உதை ஆட்டத்தில் அவர் பயன்பட்டே ஆக வேண்டும் என்பது இன்னொன்று.

பழைய காணொளிகளைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே விதி மாறியிருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024-ல் என்.எஃப்.எல். கிக்ஆஃபைத் தலைகீழாக மாற்றியது. உதைப்பவர் மட்டும் தன் பக்கத்து 35 யார்டு கோட்டில் நிற்பார். அவருடைய அணியின் மற்ற பத்துப் பேரும் எதிரணியின் 40 யார்டு கோட்டில் வரிசையாக நிற்பார்கள். பந்தை வாங்கும் அணியின் தடுப்பாளர்கள் அவர்களுக்கு எதிரே, 30-க்கும் 35-க்கும் இடையில் நிற்பார்கள். பின்னால் ஒருவரோ இருவரோ ரிட்டர்னர்கள். பந்து தரையில் விழும் வரை, அல்லது ரிட்டர்னர் தொடும் வரை, எதிரெதிர் வரிசையில் நிற்கும் யாரும் அசையக் கூடாது.

கோல் கோட்டிலிருந்து 20 யார்டு வரை உள்ள பகுதியில் பந்து விழுந்தால் திருப்பி ஓடியே ஆக வேண்டும். நேராக எண்ட் ஸோனுக்குள் உதைத்து, ரிட்டர்னர் ஓடாமல் விட்டால், 2024-ல் 30 யார்டு கோட்டிலிருந்து ஆட்டம் தொடங்கியது. 2025-ல் அதை 35 ஆக்கினார்கள். இந்த ஐந்து யார்டு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. இலவசமாக 35 யார்டு கொடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் மனம் வராது. அதனால் பந்தைக் களத்துக்குள்ளேயே விழும்படி உதைக்கச் சொல்கிறார்கள். 2023-ல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு கிக்ஆஃப்தான் திருப்பி ஓடப்பட்டது. 2024-ல் மூன்றில் ஒன்று. 2025-ல் பெரும்பான்மை.

வேகமான இளம் ரன்னிங் பேக்குக்கு இது நல்ல காலம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். முன்பு தூரத்திலிருந்து முழு வேகத்தில் ஓடி வருகிறவர்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டியிருந்தது. இப்போது இரு வரிசைகளும் சில யார்டு இடைவெளியில் நிற்கின்றன. தடுப்பாளர்கள் மோதும் நேரத்தில் ஒரு சந்து திறக்கும்; அதை முதலிலேயே கண்டுபிடித்துத் தயங்காமல் நுழைய வேண்டும். ஏறக்குறைய ஒரு சாதாரண ரன்னிங் பேக் ஓட்டம் மாதிரியேதான். ஆகவே கிக்ஆஃபில் அவர் காட்டுவது, நாளை ரன்னிங் பேக்காக என்ன காட்டுவார் என்பதற்கும் சாட்சி.

பார்க்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பந்தைத் தரையில் விழவிடாமல் பிடிக்கிறாரா? விழவிட்டால் எதிரணி உடனே பாயத் தொடங்கிவிடும். உதைப்பவர்கள் அதற்காகவே தாழ்வாகவும் கோணலாகவும் உதைக்கிறார்கள். பிடித்த கணத்தில் உடம்பு முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறதா, பின்வாங்கிக்கொண்டே பிடிக்கிறாரா? மூன்றாவது, பிடித்த பின் பக்கவாட்டில் ஓடுகிறாரா, நேராகப் போகிறாரா? கல்லூரியில் பக்கவாட்டில் ஓடி எல்லோரையும் சுற்றிப் போய்ப் பழகியவர்கள் இங்கே 18 யார்டு கோட்டில் மாட்டிக்கொள்வார்கள். 30-ஐத் தொட்டால் தன் வேலையைச் செய்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35-ஐத் தாண்டினால் மகிழலாம்.

ஜமால் சார்ல்ஸ் இந்த வழியில்தான் வந்தார். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் தடகளத்திலும் ஓடியவர். கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2008-ல் மூன்றாம் சுற்றில் எடுத்தது. 2009 நவம்பரில் பிட்ஸ்பர்க்குக்கு எதிரான ஆட்டத்தின் முதல் கிக்ஆஃபை 97 யார்டு கொண்டுபோய் டச் டவுன் ஆக்கினார். அடுத்த ஆண்டில் அவர் அணியின் தலைசிறந்த ஓட்டக்காரர். ஓய்வு பெற்றபோது ஓட்டத்துக்குச் சராசரி 5.4 யார்டு, இவ்வளவு ஓடிய ரன்னிங் பேக்குகள் யாருக்கும் அந்தச் சராசரி இல்லை.

பண்ட்: வேகத்தைவிட நிதானம்

நான்காவது முயற்சியில் 10 யார்டு எட்டாது என்று தெரிந்தால் பந்தை உயரமாக உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதுதான் பண்ட். நல்ல பண்ட் நான்கரை விநாடி வானத்தில் நிற்கும். அதற்குள் இருபுறமும் ஓரத்தில் நிற்கும் வேகமான ஆட்கள் ரிட்டர்னரின் மூக்குக்கு நேரே வந்து நின்றுவிடுவார்கள். அவர் அண்ணாந்து பந்தைப் பார்த்துக்கொண்டே, பக்கத்தில் யார் வருகிறார்கள் என்றும் உணர வேண்டும். கபடியில் பாடிப் போகிறவர் மேலே பார்த்துக்கொண்டே கோட்டைத் தாண்டுவதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே அவருக்கு மூன்று வழிகள். பிடித்து ஓடலாம். கையைத் தலைக்கு மேல் அசைத்து, ஓடாமல் பிடிக்க மட்டும் செய்கிறேன் என்று காட்டலாம்; அது ஃபேர் கேட்ச், யாரும் தொடக் கூடாது. அல்லது பந்தைத் தொடாமல் விலகி ஓடலாம். தன் 10 யார்டு கோட்டில் குதிகாலை வைத்துக்கொண்டு நின்று, அதற்குப் பின்னால் விழும் பந்தை விட்டுவிடுவது என்பது பல காலமாகச் சொல்லிக்கொடுக்கும் பாடம். பந்து உருண்டு எண்ட் ஸோனுக்குள் போய்விடக்கூடும். போனால் 20 யார்டு கோட்டில் கிடைக்கும்.

பண்டில் தவறு நடந்தால் விலை அதிகம். ரிட்டர்னர் உடம்பில் பந்து பட்டுவிட்டால் எதிரணி அதை எடுத்துக்கொள்ளலாம். 2012 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கும் நியூயார்க் ஜயன்ட்ஸுக்கும் நடந்த ஆட்டம், பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலுக்கு முந்தைய படி. கைல் வில்லியம்ஸ் விலகி நிற்கப் பார்த்த ஒரு பண்ட் அவருடைய முழங்காலை உரசிவிட்டது. கூடுதல் நேரத்தில் இன்னொரு பண்டைப் பிடித்து ஓடும்போது பந்து கைநழுவியது. ஜயன்ட்ஸ் 20-17 என்று வென்று சூப்பர் பௌலுக்குப் போனது. அதற்கு நேர்மாறானது 2010 டிசம்பர் 19: ஆட்டத்தின் கடைசிப் பந்தாக வந்த பண்டை ஃபிலடெல்ஃபியாவின் டிஷான் ஜாக்சன் முதலில் நழுவவிட்டார், எடுத்தார், 65 யார்டு ஓடி 38-31 என்று ஆட்டத்தையே முடித்துவிட்டார். அதிலும் தோற்றது இதே ஜயன்ட்ஸ்தான்.

அதனால் முதல் ஆண்டில் உங்கள் ஆளைக் கிக்ஆஃபுக்கு அனுப்பி, பண்டுக்கு வேறு அனுபவசாலியை அனுப்பினால் கோபப்பட வேண்டாம். அது அவமதிப்பு இல்லை. ஆகஸ்டு மாதம் நடக்கும் மூன்று முன்னோட்ட ஆட்டங்களில் அவரைப் பண்டுக்கு விட்டுப் பார்ப்பார்கள். அப்போது எத்தனை யார்டு ஓடினார் என்பதைவிட, எந்தெந்தப் பந்துக்குக் கையை அசைத்தார், எதை விட்டார் என்பதைப் பாருங்கள். இடது காலால் உதைப்பவர்களின் பந்து எதிர்ப்பக்கம் சுழலும். பழக்கம் இல்லாதவர்கள் அதில் தடுமாறுவது வழக்கம்.

மூன்று யார்டு ஓட்டங்களைப் பாருங்கள்

ரன்னிங் பேக்காக அவருக்கு முதலில் கொடுப்பது பெரும்பாலும் ஓரத்துக்குப் போகும் ஓட்டங்கள். முன்வரிசைத் தடுப்பாளர்கள் ஐவரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து ஓட, பின்னால் அவரும் அதே பக்கம் ஓடி, சந்து திறக்கும் இடத்தில் ஒரே வெட்டு வெட்டி உள்ளே பாய்வது. அப்புறம் ஸ்கிரீன் பாஸ்: குவாட்டர்பேக் எதிரிகளை உள்ளே வரவிட்டு, அவர்கள் தலைக்கு மேலாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பார், முன்னால் தடுப்பாளர்கள் வழி திறந்து வைத்திருப்பார்கள்.

கல்லூரியில் எந்தச் சந்தும் இல்லை என்றால் ஓரமாக ஓடித் தப்பிக்கலாம். துரத்துபவர்களில் பாதிப் பேருக்கு அவர் வேகம் கிடையாது. என்.எஃப்.எல்.-இல் எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் 109 கிலோ எடையுள்ள லைன்பேக்கரும் வேகமாக ஓடுவார். ஓரத்துக்குத் தப்பப் பார்த்தால் நான்கு யார்டு பின்னால் மாட்டிக்கொள்வார். முதல் ஆண்டின் பெரிய பாடமே, இல்லாத ஐம்பது யார்டைத் தேடாமல் இருக்கும் மூன்று யார்டை எடுத்துக்கொள்வதுதான். வாரத்துக்கு வாரம் அவர் பின்னால் இழக்கும் ஓட்டங்கள் குறைகின்றனவா என்று எண்ணிக்கொண்டு வாருங்கள். என்னைக் கேட்டால் புதிய ரசிகர் செய்யக்கூடிய மிக உபயோகமான கணக்கு அதுதான்.

சராசரியை நம்பும்போதும் எச்சரிக்கை வேண்டும். ஒருவர் பத்து ஓட்டத்தில் 1, 2, -1, 3, 0, 2, 4, 2, 1, 62 என்று எடுத்தால் மொத்தம் 76, சராசரி 7.6. அந்த 62-ஐ எடுத்துவிட்டால் ஒன்பது ஓட்டத்தில் 14. அந்த ஒன்பது முறையும் அணி சிக்கலில்தான் இருந்தது. அதற்காக 62 யார்டு பெரிதில்லை என்று சொல்லவில்லை. ஆட்டத்தையே அது மாற்றியிருக்கலாம். ஆனால் அடுத்த வாரமும் வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

டிவான் ஏசேன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஓட்டப்பந்தய வீரராகவும் இருந்தவர். 2021-ல் முதலிடத்தில் இருந்த அலபாமாவை அவர் அணி 41-38 என்று வீழ்த்தியபோது ஒரு கிக்ஆஃபை 96 யார்டு திருப்பி ஓடினார். 40 யார்டை 4.32-ல் முடித்தார். 2023-ல் மயாமி டால்ஃபின்ஸ் மூன்றாம் சுற்றில் எடுத்தது. பருவத்தின் இரண்டாம் வாரத்தில் ஒரே ஒரு ஓட்டம். மூன்றாம் வாரம், செப்டம்பர் 24 அன்று, டென்வரை 70-20 என்று நொறுக்கிய ஆட்டத்தில் 203 யார்டு, நான்கு டச் டவுன். அந்த ஆண்டு முடிவில் 103 ஓட்டங்களில் 800 யார்டு; சராசரி 7.8.

அடுத்த ஆண்டு 203 ஓட்டங்களில் 907 யார்டு, சராசரி 4.5. சரிந்துவிட்டார் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. 7.8 என்ற எண்ணை எந்த மனிதனாலும் 200 ஓட்டங்களுக்குத் தாங்கிப்பிடிக்க முடியாது; எதிரணிகளும் அவருக்காகவே திட்டம் போட்டன; குவாட்டர்பேக் டுவா டங்கோவைலோவா காயத்தால் சில ஆட்டங்கள் ஆடவில்லை. முதல் ஆண்டில் 27 பந்து பிடித்தவர் இரண்டாம் ஆண்டில் 78 பிடித்தார். பொறுப்பு கூடியது என்பதுதான் அங்கே செய்தி.

உண்மையான வாசல்: குவாட்டர்பேக்கைக் காப்பது

இவ்வளவு வேகமானவரை ஏன் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை இங்கேதான். தொலைக்காட்சியில் இதைக் காட்டவே மாட்டார்கள். கேமரா பந்தின் பின்னால் போய்விடும்.

மூன்றாவது டவுன், 8 யார்டு வேண்டும். எல்லோருக்கும் தெரியும், பந்தை எறியப் போகிறார்கள். எதிரணி ஐந்து பேரையோ ஆறு பேரையோ ஒரேயடியாகக் குவாட்டர்பேக்கை நோக்கி அனுப்பும், அதுதான் பிளிட்ஸ். ஆறு பேர் வந்தால், முன்வரிசை ஐவரும் ஆளுக்கொருவரை மறித்த பின் ஒருவர் மீதமிருப்பார். அவரைக் கண்டுபிடித்து மறிப்பது ரன்னிங் பேக்கின் கடமை. யார் வருவார் என்பது முன்பே தெரியாது. இடதுபக்க லைன்பேக்கர் வருவதுபோல் காட்டிவிட்டுப் பின்வாங்குவார். வலதுபக்கச் சேஃப்டி பாய்ந்து வருவார். ஒன்றரை விநாடிக்குள் பார்த்து, புரிந்து, சரியான இடத்தில் காலை ஊன்றி, தன்னைவிட 20 கிலோ அதிக எடையுள்ள ஆளைத் தாங்க வேண்டும். தவறினால் அணியின் மிக விலையுயர்ந்த ஆளான குவாட்டர்பேக் மருத்துவமனைக்குப் போவார்.

கல்லூரியில் பல ரன்னிங் பேக்குகளுக்கு இதைச் செய்ய வேண்டிய தேவையே அதிகம் வந்திருக்காது. அதனால் முதல் ஆண்டில் மூன்றாவது டவுனில் அவரை வெளியே எடுத்து, முப்பது வயதுக்காரர் ஒருவரை உள்ளே அனுப்பினால் காரணம் இதுதான். இன்னொரு தந்திரமும் உண்டு: அவரை மறிக்கச் சொல்லாமல் பந்து பிடிக்க வெளியே ஓடவிடுவது. டேரன் ஸ்ப்ரோல்ஸ் ஐந்தடி ஆறு அங்குலம்தான். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி 2011-ல் அவரை இப்படி ஓடவிட்டது. அந்த ஆண்டு 86 பந்து பிடித்தார். ஓட்டம், பிடி, ரிட்டர்ன் எல்லாம் சேர்த்து 2,696 யார்டு எடுத்து ஒரே பருவத்துக்கான சாதனை படைத்தார். அவர் என்.எஃப்.எல்.-க்கு வந்தது 2005-ல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: மூன்றாவது டவுனில் பந்து ஆட்டத்துக்கு வரும்முன் அவர் களத்தில் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், அந்த ஒரு முறை பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். மறுபடி ஓட்டிக் காட்டும்போது மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம்.

பந்து கையில் நிற்கிறதா?

ஓடும்போது பந்து கைநழுவினால் அது ஃபம்பிள்; எதிரணி அதை எடுத்துக்கொள்ளலாம். இளம் வீரர் ஒருவர் இரண்டு வாரத்தில் இரண்டு முறை நழுவவிட்டால் மாதக்கணக்கில் காணாமல் போய்விடுவார். விரல்கள் பந்தின் நுனியை மூட, முன்கை, மேல்கை, விலா என எல்லாம் பந்தை அழுத்த, மைதானத்தின் ஓரத்துக்கு அருகிலுள்ள கையில் பந்து இருக்க வேண்டும். வேகக்காரர்கள் கையை வீசி ஓடிப் பழகியவர்கள். பந்து உடம்பைவிட்டு விலகும்.

இது திருத்தக்கூடிய குறை. நியூயார்க் ஜயன்ட்ஸின் டிகி பார்பர் தொடக்கத்தில் ரிட்டர்னராகவும் இருந்தவர். பந்தை நழுவவிடுவதில் கெட்ட பெயர் வாங்கியவர். 2004-ல் டாம் காஃப்லின் தலைமைப் பயிற்சியாளராக வந்ததும் பந்தை நெஞ்சுக்கு மேலே செங்குத்தாக இறுக்கிப் பிடிக்கப் பழக்கினார்கள். அதன் பின்தான் அவருடைய சிறந்த ஆண்டுகள் வந்தன. ஆகவே ஒரு ஃபம்பிளுக்காகக் கைவிட வேண்டாம். அடுத்த வாரம் அவர் பந்தைப் பிடித்திருக்கும் விதம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

பங்கு போட்டுக்கொள்வது நல்லது

2023 செப்டம்பர் 7 அன்று டிட்ராய்ட் லயன்ஸ் கான்சஸ் சிட்டியில் ஆடிய முதல் ஆட்டத்தில், 12-ஆவது ஆளாக எடுத்த ஜமீர் கிப்ஸுக்கு ஏழே ஓட்டங்கள் கொடுத்தது. 42 யார்டு எடுத்தார். கனமான டேவிட் மான்ட்கோமரிக்கு 21. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆண்டு முடிவில் கிப்ஸ் 945 யார்டு, மான்ட்கோமரி 1,015. அடுத்த ஆண்டு கிப்ஸ் 1,412 யார்டு ஓடினார். மொத்தம் 20 டச் டவுன். அணி அவரை அவசரப்படுத்தவில்லை.

2010-ல் கான்சஸ் சிட்டி செய்தது இன்னும் தெளிவான கணக்கு. தாமஸ் ஜோன்ஸுக்கு 245 ஓட்டங்கள், 896 யார்டு. ஜமால் சார்ல்ஸுக்கு 230 ஓட்டங்கள், 1,467 யார்டு. எல்லாவற்றையும் சார்ல்ஸுக்கே கொடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்தச் சிறிய உடம்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் அடி வாங்குகிறது. அடுத்த ஆண்டே சார்ல்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்து மீதிப் பருவம் முழுவதும் போயிற்று. கேல் சேயர்ஸும் 1968-ல் முழங்காலில் அடிபட்டார். மொத்தம் 68 ஆட்டங்களோடு அவர் வாழ்க்கை முடிந்தது. ஏசேனும் முதல் ஆண்டில் 11 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. பருவத்துக்கு 17 ஆட்டம். உங்கள் ஆள் இரண்டு மூன்று ஆட்டங்களாவது காயத்தால் தவறவிடுவார் என்று முன்கூட்டியே நினைத்துக்கொள்வது நல்லது. கோல் கோட்டுக்கு இரண்டு யார்டு இருக்கும்போது கனமானவரை அனுப்பி டச் டவுனை அவருக்குக் கொடுத்தால் பொறாமைப்படாதீர்கள். அந்த நெரிசலில் வேகத்துக்கு வேலை இல்லை.

எவ்வளவு காலம் பொறுப்பது?

டிராஃப்டில் எடுத்த வீரருக்கு முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள். முதல் ஆண்டில் கிக்ஆஃபும் சில ஓட்டங்களும் போதும். இரண்டாம் ஆண்டில் பிடிக்கும் பந்துகள் கூட வேண்டும். மூன்றாம் ஆண்டில் மூன்றாவது டவுனில் அவர் களத்தில் நிற்க வேண்டும். 8 யார்டு தேவைப்படும் நேரத்திலும் அவரை வெளியே எடுக்காமல் விடுகிறார்களா என்பதே அளவுகோல்.

இந்த அட்டவணைக்குள் அடங்காதவர்களும் உண்டு. மேலே சொன்ன மோஸ்டர்டை 2015-ல் யாருமே டிராஃப்டில் எடுக்கவில்லை. ஆறு அணிகள் அவரைச் சேர்த்துப் பின் விட்டுவிட்டன. சான் ஃபிரான்சிஸ்கோவில் தன் அணி பண்ட் உதைக்கும்போது முன்னால் ஓடி எதிரணி ரிட்டர்னரை மடக்கும் வேலையைச் செய்துகொண்டு காத்திருந்தார். 2020 ஜனவரியில் கிரீன் பேக்கு எதிரான இறுதிக்கு முந்தைய ஆட்டத்தில் 220 யார்டு, நான்கு டச் டவுன். 31 வயதில், 2023-ல், மயாமியில் ஏசேனோடு சேர்ந்து ஆடி 21 டச் டவுன் அடித்தார்.

ரிட்டர்னராக மட்டுமே நின்றுவிட்டாலும் அது தோல்வி ஆகாது. டெவின் ஹெஸ்டர் ரன்னிங் பேக் அல்ல. சிகாகோ அவரைப் பல இடங்களில் ஆடவைத்துப் பார்த்தது. 2007 பிப்ரவரியில் சூப்பர் பௌலின் முதல் கிக்ஆஃபை 92 யார்டு கொண்டுபோனார். ரிட்டர்னில் மொத்தம் 20 டச் டவுன். அந்த வேலைக்காகவே 2024-ல் புகழ் மன்றத்தில் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் ஆள் நான்காம் ஆண்டிலும் ஆட்டத்துக்கு மூன்று ஓட்டங்கள்தான் ஓடுகிறார், ஆனால் ஒவ்வொரு கிக்ஆஃபுக்கும் பண்டுக்கும் அவரைத்தான் அனுப்புகிறார்கள் என்றால், எதிரணி எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். அவரிடமிருந்து விலக்கி மைதானத்தின் ஓரமாக உதைக்கத் தொடங்கியிருந்தால், அவர் பந்தைத் தொடாமலே உங்கள் அணிக்கு யார்டு சேர்த்துக்கொண்டிருக்கிறார்.